பூட்டிய கழிப்பறை

காலை ஆறு இருபது. பலேர்மோ துறைமுகத்தின் பயணிகள் கழிப்பறையில் நான் முதலில் கண்டது, கைகழுவும் தொட்டியருகே சாய்த்து வைத்திருந்த கைபேசியை. என்னோடு துப்புரவு வேலை செய்யும் கானா நாட்டுக்காரி அதில் ஊரிலிருக்கும் மகளோடு பேசி முடித்திருந்தாள்.

மகளின் கிராமப் பள்ளியில் வெளிநாட்டு உதவியில் தண்ணீர்க் குழாயுடன் கழிப்பறை கட்டியிருந்தார்கள். திறப்பு விழா முடிந்ததும் தலைமையாசிரியர் அதைப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் முன்போலவே பற்றைக்காட்டுக்குத்தான் ஒதுங்கப் போனார்கள். மாதவிடாய் நாட்களில் மகள் வீட்டிலேயே நின்றாள், படிப்பில் பின்தங்கினாள்.

"திறக்கச் சொல்லிக் கேட்டனியோ?" என்றேன், எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இத்தாலியனில்.

"கேட்டனான். காசு தந்தவை வந்து பாக்கேக்கை ஊத்தையாக் கிடக்கக் கூடாதாம்."

"அவை எப்ப வருவினமாம்?"

"அது அவருக்கும் தெரியாதாம்."

"அப்ப நாங்களும் இதைப் பூட்டிப்போட்டுப் போவம். எப்பவும் பளிச்செண்டு இருக்கும்."

அவள் சிரித்தாள். "போடி விசரி, நாப்போலியிலயிருந்து கப்பல் வந்திட்டுது" என்று வாளியைத் தூக்கினாள். மகளை இன்னும் ஒரு பள்ளித் தவணை பொறுக்கச் சொல்லியிருப்பதாகக் கதவடியில் நின்று சொன்னாள்.

அடுத்த தவணை தொடங்கியபோது மகள் பெரியம்மாவோடு சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தாள்.