நானூற்றுப் பதினேழு அசைபோடும் சத்தம்

நாகரத்தினம் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள். ஒரு மாட்டின் மேல் கை வைத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. கல்யாணமாகி டெக்சாஸுக்கு வந்தவளிடம், இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி தேர்வெழுத வேண்டும் என்றார்கள். அதற்குள் யாமினி பிறந்துவிட்டாள். இப்போது ஃபிரிஸ்கோவில் வீடு, இர்விங்கில் வேலை. அயர்லாந்தின் இறைச்சி மாட்டுப் பண்ணைகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி அது. எந்தக் கன்று எத்தனை கிலோ ஏறியது, எந்தப் பசு சினைப்படாமல் நிற்கிறது என்று திரையில் பார்த்துச் சொல்வாள்.

ஃபிரிஸ்கோ அனுமார் கோயிலில் வசந்தாமணி ஆன்ட்டி என்ன வேலை என்று கேட்டபோது, "மாட்டுப் பண்ணை வேலைதானுங்க ஆன்ட்டி" என்றாள்.

"பால் பிசினஸா? புண்ணியம் கண்ணு."

நாகரத்தினம் மறுக்கவில்லை.

அவள் கவனிக்கும் பண்ணைகளில் டெக்லானுடையது சின்னது. புல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று நம்பி, முற்றவிட்டுத்தான் மேயவிடுவார். கன்றுகள் எடை ஏறாமல் இருபத்தொன்பது மாதம் தீனி தின்றன. லாபமெல்லாம் அதிலேயே கரைந்தது. மேய்ச்சல் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, புல் இளசாக இருக்கும்போதே மூன்று நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றச் சொன்னாள். இப்போது இருபத்துநாலு மாதத்திலேயே விற்பனைக்குத் தயாராகின்றன. அவள் எவ்வளவு கெட்டிக்காரியோ அவ்வளவு சீக்கிரம் மாடுகளின் காதில் மாட்டியிருக்கும் வில்லைகளின் எண்கள் திரையிலிருந்து மறைந்தன.

நானூற்றுப் பதினேழாம் எண் கன்று பிறந்த அன்று எழுந்து நிற்கவில்லை. டெக்லான் வீடியோவில் அழைத்தார். "அதன் வாயில் விரலை வையுங்கள். உறிஞ்சுகிறதா?" என்று கேட்டாள். கன்று உறிஞ்சியது அவர் விரலை; குறுகுறுத்தது இவள் விரல். அப்படியே சீம்பால் புகட்டச் சொன்னாள்.

"பிழைத்துவிட்டது, டாக்டர்" என்றார் டெக்லான். அவளை டாக்டர் என்று அழைக்க உலகத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் கன்று இந்த அக்டோபரில் இறைச்சிக்குப் போகிறது. அதற்கு முன் செப்டம்பரில் டெக்லானின் பண்ணையைச் சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் காட்டும் நாள் வந்தது. நீயே போய்ப் பேசிவிட்டு வா என்றது கம்பெனி.

"போய்ட்டு வரட்டுங்களா?" என்று கணவனைக் கேட்டாள்.

செல்வராஜ் தட்டிலிருந்து நிமிரவில்லை. "பாஸ்போர்ட்ல விசா எக்ஸ்பயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு, நாகு. இங்கயே இருந்தாப் பிரச்சினை இல்ல, வெளிய போனா சென்னைல ஸ்டாம்பிங் முடிச்சுத்தான் உள்ள வரோணும். அப்பாயின்ட்மென்ட் எப்பக் கெடைக்கும்னு ஆருக்குத் தெரியும்? ஒரு மாட்டப் பாக்கறதுக்கா?"

"ஒரு மாட்டப் பாக்கறதுக்குத்தானுங்க."

"டெக்சாஸ்ல இல்லாத மாடா? ஹைவேல ரெண்டு பக்கமும் மாடுதான்."

"அம்மா மிஸ்ஸஸ் ஹர் பாய்ஃபிரண்ட்" என்றாள் யாமினி.

நாகரத்தினமும் சிரித்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் மாடுகளை, எழுபது மைல் வேகத்தில் போகும் காரிலிருந்து அவளும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். மறுநாள், வர முடியாது என்று மெயில் அனுப்பினாள்.

பண்ணை நாளன்று காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தும்போது டெக்லான் அழைத்தார். அங்கே மதியம் ஒரு மணி. வந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

"உங்களுக்கு என்ன காட்டட்டும், டாக்டர்?"

"நானூற்றுப் பதினேழு."

கறுத்துக் கொழுத்து, நெற்றியில் வெள்ளையோடு, புல்லில் படுத்திருந்தது. டெக்லான் கேமராவை முதுகில் ஓட்டினார்.

"படம் வேண்டாம். போனைத் தாடைக்குப் பக்கத்தில் பிடியுங்கள்."

கண்ணை மூடிக்கொண்டாள். அசைபோட ஒரு கவளம் வயிற்றிலிருந்து மேலே வந்தது. கல்லூரியில் தாடையில் உள்ளங்கையை வைத்துத்தான் எண்ணுவார்கள். இப்போது உள்ளங்கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. ஐம்பத்தெட்டு முறை மென்று விழுங்கிற்று.

"எப்படி இருக்கிறது?"

"வயிறு நன்றாக வேலை செய்கிறது. ஒரு குறையும் இல்லை."

"அடுத்த மாதம் நல்ல விலை போகும். உங்கள் புண்ணியம்" என்றார் டெக்லான் நிறைவாக.

"இன்னும் கொஞ்சம் அப்படியே பிடியுங்கள்" என்றாள் நாகரத்தினம். அடுத்த கவளம் மேலே வர, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.