வாசலில் இரண்டு பிளாஸ்டிக் வாழை

எளாவூர் செக்போஸ்ட் பக்கம் வந்து கல்யாணக் கடை எங்கே என்று கேளுங்கள், எந்த லாரி டிரைவரும் கை காட்டுவார். அங்கே போய் ஐயரையும் மேளத்தையும் தேடாதீர்கள். கிடைப்பது டீ, வடை, பொறை. நடத்துகிறவள் மாஹிரா.

பழவேற்காட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். வந்த நாளிலிருந்து அடுப்படியே கதி. அவள் போடும் டீயைக் குடித்துவிட்டு விருந்தாளிகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். ஒருநாள் துணிந்து மாமனார் அசன் முகைதீனிடம், ரோட்டோரம் சும்மா கிடக்கிற இடத்தில் ஒரு டீக்கடை போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டுவிட்டாள். பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டே சம்மதித்தார். ஆனால் ஒரு கெடு வைத்தார். நோன்பு வருவதற்குள் கடை நிமிராவிட்டால் பஞ்சர் போடும் பூவராகவனுக்கு இடத்தை விட்டுவிடுவாராம். அந்த மனுஷன் தினமும் டீ குடிக்க வந்து, குடித்து முடிப்பதற்குள் கம்ப்ரசரை எங்கே வைக்கலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார். மாஹிராவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீயில் குறை இல்லை, இடத்தில்தான் குறை. எதிர்சாரிக் கடைக்காரனுக்குப் புங்கமரம் இருந்தது. இவளுக்கு இருந்தது தகரக் கூரையும் லாரிப் புழுதியும். ஆசையாக நட்ட செம்பருத்தி புழுதி மூடிச் செத்தது. குரோட்டன்ஸ் வைத்தாள், அதுவும் போய்ச் சேர்ந்தது. சரி, சாகாத செடியாக வாங்கிவிடலாம் என்று கணவன் மொஹசினின் பைக்கில் ஏறிப் பாரிமுனைக்குப் போனாள்.

பிளாஸ்டிக் செடிக் கடைக்காரர் முதலில் புல் பாயை விரித்தார். அதில் புழுதி போய் உட்கார்ந்தால் பேன் சீப்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும், வேண்டாம் என்றாள். பொடி இலை மூங்கிலுக்கும் அதே கதி. சிவப்பு ரோஜாவை நீட்டியபோது, உங்கள் கடைக்கு வெளியே வெயிலில் தொங்குகிறதே, அதைக் காட்டுங்கள் என்றாள். அது வெளுத்து, இலையெல்லாம் நீலம் பாரித்திருந்தது. கடைக்காரர் அசடு வழிந்தார். கடைசியில் வெயிலுக்கு நிறம் போகாத சரக்கு என்று உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார். ஆளுயர வாழை. அகல இலை, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் பளிச். மஞ்சள் தார் வேறு தொங்கியது. ஒன்று மட்டும் வைத்தால் வாசல் மூளியாக இருக்குமே என்று ஜோடியாக வாங்கினாள். லாரிக் காற்றுக்குச் சாயாமல் இருக்க, வாசலுக்கு இரண்டு பக்கமும் குழி தோண்டி சிமெண்ட் போட்டு நிறுத்தினாள்.

அடேயப்பா, என்ன அழகு! ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்துப் பூரித்துப்போனாள்.

மறுநாள் ஒருவர்கூட வரவில்லை.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வாடிக்கை லாரிகள் வேகம் குறைத்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, நகர்ந்துவிட்டன. பூக்காரி முத்தம்மாள் மட்டும் வந்தாள். வந்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊட்டுல கல்யாணம் வச்சிக்கினு ஒரு வார்த்தை சொல்லலியே, பூவுக்கு வேற ஆளைப் பாத்துட்டியா என்று சண்டைக்கு நின்றாள். பீட்டர் என்கிற டிரைவர் வெளியிலேயே தயங்கி நின்று கேட்டார்:

“விசேஷ ஊட்டுல பூந்து எப்டிக்கா டீ கேக்குறது?”

மாஹிரா தலையில் அடித்துக்கொண்டாள். புழுதி, வெயில், காற்று எல்லாவற்றையும் யோசித்தவள், வாசலில் இரண்டு பக்கமும் வாழை நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யாருக்கும் கல்யாணம் இல்லை, டீ குடிக்க வாங்க என்று ரோட்டில் நின்று கத்திப் பார்த்தாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். வாழையைப் பிடுங்கலாம் என்றால் சிமெண்ட் இறுகிவிட்டது. பூவராகவன் இப்போது கையில் டேப்போடு வர ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமனார் வந்து பார்த்தார். கத்தவில்லை. நோன்பும் நெருங்கிவிட்டது, நாளைக்கு ஜும்மா முடிந்ததும் கடப்பாரையோடு ஆள் கூட்டி வருகிறேன், வாழையோடு கடையையும் எடுத்துவிடலாம் என்றார். அவர் போன பிறகு மாஹிரா பாய்லர் பின்னால் உட்கார்ந்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் ஒரு பைக் வந்து நின்றது. கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் இம்மானுவேலும் பூமிகாவும். ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டு வீட்டிலும் யாரும் வரவில்லை. சாட்சிக்கு வந்த சிநேகிதர்களும் ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டார்கள். கழற்றிய மாலைகள் ஹேண்டில்பாரில் ஒரு கேரி பேக்கில் தொங்கின.

பூமிகா வாழை இலையை ஒரு விரலால் தொட்டாள். “யாருக்குக்கா கல்யாணம்?”

யாருக்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்த மாஹிரா, அந்தக் கேரி பேக்கைப் பார்த்தாள். புதுப் புடவையைப் பார்த்தாள்.

“உங்களுக்குத்தாம்மா. வாழை கட்டிக்கினு எத்தினி நாளா காத்துக்கினு இருக்கோம், இவ்ளோ லேட்டாவா வர்றது?”

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். மாஹிராவுக்கும் கண் நிறைந்தது.

அப்புறம் என்ன! முத்தம்மாள் கூடையோடு ஓடி வந்து பூமிகாவின் தலை நிறைய மல்லி வைத்தாள். பீட்டர் லாரியில் ஏறி நாதஸ்வரம்போல் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டுப் பின்னால் வந்த லாரிகளெல்லாம் நின்றன. இருந்த ரவையைப் போட்டு மாஹிரா கேசரி கிண்டினாள். பூவராகவன் டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பந்தி விசாரித்தார். எதிர்க்கடைக்காரன் புங்கமர நிழலை விட்டுவிட்டு வந்து இரண்டு தடவை கேசரி வாங்கினான்.

அசன் முகைதீன் கடப்பாரைக்காரர்கள் இரண்டு பேரோடு வந்து சேர்ந்தபோது வாசலில் நிற்க இடமில்லை. வீட்டுப் பெரியவர் போலிருக்கிறது என்று பொண்ணும் மாப்பிள்ளையும் அவர் காலில் விழப் போனார்கள். பதறிப்போய்த் தடுத்தார். பிறகு இருவர் தலையிலும் கை வைத்து, கண்ணை மூடி துஆ செய்தார். கண்ணைத் திறந்தபோது மருமகள் கரண்டியும் கையுமாக எதிரே நின்றாள்.

அவர் கடப்பாரைக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“இன்னாடா பாத்துக்கினு நிக்கிறீங்க? அந்தப் பக்கத்து வாழை சாஞ்சிக்கினு இருக்குது பாரு. நேரா நிமித்தி வைங்க.”

மாஹிரா கடப்பாரைக்காரர்கள் இருவருக்கும் சேர்த்து டீ போட்டாள்.