முழுசா மிதிங்க

“ஏங்க, கீழ எறும்பு கெடக்குன்னு பயந்து மிதிக்கீகளா? முழுசா மிதிங்க.”

சைலன்சர் குழாய்க்குள்ள கம்பியச் சொருகிட்டு யோகலட்சுமி நாளு பூரா இதத்தான் சொல்லிக்கிட்டு இருப்பா. சிவகாசியத் தாண்டி எம். புதுப்பட்டி போற ரோட்டுல அவ புகை டெஸ்ட் கடை. வர்ற டிரைவர்க அம்புட்டுப் பேரும் ஆக்சிலேட்டர அரைமிதிதான் மிதிப்பாக. அரைமிதியில புகை கம்மி, மிசினு ஏமாந்துரும்னு நெனப்பு. யோகலட்சுமி காது ஏமாறாது. “இன்னும் ரெண்டு விரக்கடை இருக்கு, அமுக்குங்க”ம்பா.

சேலைக்கு மேல புருசனோட பழைய சட்டை. கம்ப்யூட்டர் நெத்தியில குங்குமம். எந்த முதலாளி காரு எந்த ஊர்ச் செம்மண்ண அப்பிக்கிட்டு வருதுன்னு டயரப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. வெளிய சொல்ல மாட்டா, கேட்டாத்தான் சொல்லுவா. கேக்காம யாரும் போறதில்ல. “வண்டி வீட்ல நிக்குது, பேப்பர மட்டும் குடுங்க”ன்னு யாராச்சும் வந்தா, “காய்ச்சல் ஒங்களுக்கு, ஊசி ஒங்க போட்டாவுக்கா?”ன்னு திருப்பி அனுப்பிருவா.

அப்பேர்ப்பட்டவ வீட்டுக்காரர் வண்டிக்கே புகைப் பேப்பர் தேதி முடிஞ்சு போச்சு. தீவாளிக்கு முந்துன வாரம், காலையில ஏழு மணி. பட்டாசுக் கம்பெனிக்குப் பதினாறு பொம்பளைகள வேன்ல ஏத்திக்கிட்டுப் போன சிவபாண்டி, புதுப்பட்டி வெலக்குல ஆர்டிஓ ஆளுக நிக்காகன்னு சேதி கேட்டு, வண்டியத் திருப்பிப் பொண்டாட்டி கடைக்கு ஓட்டிட்டு வந்துட்டார். எட்டு மணிக்குக் கம்பெனி கேட்டப் பூட்டிருவாக. அன்னைக்கு வேலை அம்புட்டுதான்.

யோகலட்சுமி கம்பியச் சொருகுனா. புகை நம்பர் அறுபத்தஞ்சுக்குள்ள இருக்கணும். எம்பத்தொண்ணு காட்டுச்சு.

“ஊருக்கெல்லாம் பாஸு, எனக்கு மட்டும் ஃபெயிலா? வீட்டுச் சண்டைய இங்கன தீக்கிறியா?”ன்னார் சிவபாண்டி.

“அது வேற பைலு. சாயங்காலம் எடுப்போம்.”

பின்சீட்டு ஜன்னல்ல இருந்து பஞ்சம்மாள் தலைய நீட்டுனா. அந்தக் குரூப்புல மூத்தவ, வாயும் அவளுக்குத்தான் நீளம். “ஏத்தா, ஒம் புருசன் வண்டிதான? கம்பிய லேசா வெளிய உருவிரு. மிசினு கோவிச்சுக்கவா போகுது?”

“உருவிருவேன் மதினி. இந்தப் புகையக் குடிச்சுட்டுத் தெனமும் என் கடை முன்னாடி இருமிக்கிட்டுப் போறது யாரு?”

பஞ்சம்மாள் தலைய உள்ள இழுத்துக்கிட்டா. ஊர்ல இது பெரிய சங்கதி.

யோகலட்சுமி ஏர் பில்டரக் கழத்திப் பாத்தா. சாமிக்குக் கவசம் சாத்துன கணக்கா ஒரே வெள்ளி. பட்டாசு மருந்துல கலக்குற அலுமினியப் பொடி. சாயங்காலம் வேல விட்டதும் பொம்பளைக மேல்சட்டையக் கழட்டி, காத்தோட்டமா இருக்குன்னு வண்டி மூக்குக்கு நேராத்தான் உதறுவாக. அம்புட்டையும் வண்டி இழுத்து வச்சிருக்கு.

“வெள்ளியத் தின்னுட்டுக் கருப்பாக் கக்குது”ன்னா. பதினாறு பேரும் சிரிச்சாக. அப்புறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாக.

பில்டர யாரும் தட்டல. மருந்துப் பொடியத் தட்டக் கூடாதுன்னு அங்கன எல்லாருக்கும் தெரியும். ஈரச்சாக்குல சுருட்டி ஓரமா வச்சாக. எதுத்த ஸ்பேர் கடை அசன் முகம்மது அப்பத்தான் ஷட்டரத் தூக்குறார். அது பாதி ஏறும்போதே யோகலட்சுமி குனிஞ்சு உள்ள புகுந்து, புது பில்டரோட வெளிய வந்து, வண்டியில மாட்டிட்டா.

மணி ஏழே முக்காலுக்குப் பக்கம். சிவபாண்டி பயத்துல மறுபடியும் அரைமிதி.

“எறங்குங்க.”

கம்பியப் பிடிக்க அசன் முகம்மத நிறுத்திட்டு, இவளே ஏறி ஒக்காந்து ஒரே மிதி. அடித்தகடு வரைக்கும். வண்டி நின்ன எடத்துலயே நடுங்குது. உள்ள இருந்த பொம்பளைக சீட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டாக. ஒருக்கக் கால விட்டு, மறுபடியும் மிதிச்சா. அசன் முகம்மது நம்பரச் சத்தம் போட்டு வாசிக்கார்: “அம்பத்தெட்டு... அறுபது... அறுபத்திரண்டு...” “நின்னுருச்சும்மா. அறுபத்திரண்டு. பாஸு.”

வண்டிக்குள்ள குலவைச் சத்தம் கெளம்பிருச்சு. யோகலட்சுமி குதிச்சு எறங்கி, நம்பர் பிளேட்டப் போட்டா எடுத்து, பேப்பர அடிச்சு உருவுனா. சிவபாண்டி சீட்டுல ஏறி, வண்டிய உறும விட்டுக்கிட்டு, வெளிய கைய நீட்டுனார்.

அவ அந்தக் கையத் தாண்டிப் பின்னாடி நடந்து, ஜன்னல் வழியா பஞ்சம்மாள் மடியில பேப்பர வச்சா.