சரோஜாவின் எறும்பைத் தேடி மகாபலிபுரம்

மகாபலிபுரத்துக்குப் போகிறவர்கள் சிற்பம் பார்க்கப் போவார்கள். நான் பொங்கல் விடுமுறையின் கடைசி நாளில் ஓர் எறும்பைப் பார்க்கப் போனேன். சரியாகச் சொன்னால், அப்படி ஓர் எறும்பு அங்கே இல்லை என்று பார்த்துவிட்டு வரப் போனேன்.

எங்கள் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் சரோஜா, மார்கழியில் கடற்கரைச் செடிகள் சேகரிக்க அங்கே போயிருந்தாள். மக்கிப்போன கட்டுமரத் துண்டு ஒன்றில் சிற்றெறும்புக் கூடு இருந்ததாம். ராணியின் முதுகில் வேறு இனத்து எறும்பு ஒன்று, மிகச் சிறியது, ஏறி உட்கார்ந்திருந்ததாம். இப்படிப்பட்ட எறும்புகள் உலகில் உண்டு. அவற்றுக்குச் சொந்தக் கூடு கிடையாது, வேலைக்கார எறும்புகள் கிடையாது. பிறர் கூட்டில் குடியேறி, அந்த வீட்டார் ஊட்டுவதைத் தின்று, முட்டை இடுவதோடு அவற்றின் பொறுப்பு முடிந்தது. வளர்ப்பதும் வீட்டார்தான். ஆனால் மிக அரியவை. விலங்கியல் கற்பிக்கும் நானே படத்தில்தான் பார்த்திருக்கிறேன். செடி பறிக்கப் போனவளுக்கு அது தரிசனம் தந்தது என்பதை நான் நம்பவில்லை.

என் சக ஆசிரியைகளும் நம்பவில்லை. யார் எதைச் சற்றுக் கூட்டிச் சொன்னாலும், "சரோஜா எறும்பா?" என்று கேட்பது ஆசிரியைகள் அறையில் வழக்கமாகிவிட்டது. அவள் மதியம் அங்கே வருவதை நிறுத்திவிட்டுச் செடிகளை உலர்த்தும் அறையில் தனியாகச் சாப்பிடத் தொடங்கினாள். எறும்பைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அல்லது இல்லை என்று சொல்லிப் பேச்சை முடிக்க வேண்டும். எதுவாயினும் அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கிளம்பினேன்.

எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு முப்பத்தைந்து மைல். காலை வண்டியில் போவது நல்லது; என்ஜினுக்கு அடுத்த பெட்டியில் ஏறாதீர்கள், கரித்தூள் கண்ணில் விழும். ஸ்டேஷனுக்கு வெளியே திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் நிற்கும். பத்தணா டிக்கெட், ஒன்றரை மணி நேரம். கண்டக்டர் என் கையிலிருந்த உளியையும் குப்பிகளையும் பார்த்தார்.

"கழுகு பாக்கவா, செல பாக்கவா?"

"எறும்பு பார்க்க."

அவர் சற்று யோசித்தார். "அது எங்க வூட்லயே கீதும்மா. டிக்கெட் இல்லாமலே பாக்கலாம்."

மகாபலிபுரத்தில் இறங்கிக் கடலை இடப்பக்கம் வைத்துத் தெற்கே இரண்டு மைல் நடக்க வேண்டும். மணல் சுடுவதற்குள் நடந்துவிடுங்கள். சவுக்குத் தோப்பு முடியும் இடத்தில் ஏழெட்டுக் குடிசைகள். சரோஜா சொன்ன மரத்துண்டு அங்கேயே கிடந்தது. அதன்மேல் ஓர் ஆள் படுத்திருந்தான்.

பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவள் பெயர் கன்னியம்மா. படுத்திருந்தவன் அவளுடைய கொழுந்தன் மாணிக்கம்.

"டேய், ஏந்திரி. டீச்சரம்மாக்கு அந்தக் கட்டை வோணுமாம்."

"வேற கட்டயே இல்லியா ஊர்ல?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

"இதுலதான் எறும்பு கீதாம்."

"அது எனக்குத் தெரியாதா? தெனம் கடிச்சிக்கினுதான கீது."

ஆனாலும் எழுந்தான், எழுந்து மூன்றடி தள்ளி நிழலில் மறுபடி படுத்தான். நான் உளியால் மரத்தைப் பிளந்தேன். கூடு இருந்தது. தவிட்டு நிறச் சிற்றெறும்புகள், நடுவில் பருத்த ராணி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ராணியின் முதுகில் கறுப்பாக, வழவழப்பாக, ஒரு சின்ன எறும்பு. வேலைக்கார எறும்பு ஒன்று வந்து அதன் வாயில் ஊட்டிவிட்டுப் போனது.

சரோஜா சொன்னது அத்தனையும் உண்மை.

சிறு பூச்சிகளைப் பிடிக்க எங்களிடம் ஓர் எளிய கருவி உண்டு. ஒரு குப்பி, இரண்டு குழாய். ஒன்றைப் பூச்சியருகே வைத்து, மற்றதை வாயில் வைத்து உறிஞ்சினால் பூச்சி குப்பிக்குள் விழும். வாய்ப்பக்கக் குழாயின் உள்முனையில் மெல்லிய துணி கட்டியிருக்கும், நம் வாய்க்குள் வந்துவிடாமல் இருக்க. குழாயை வாயில் வைத்தேன்.

"அது அப்புடி இன்னாதான் பண்ணும்மா?" என்றாள் கன்னியம்மா.

குழாயை எடுத்துவிட்டு விளக்கினேன்: வேலை செய்யாது, அடுத்தவர் வீட்டில் இருக்கும், வேளாவேளைக்கு ஊட்டுவார்கள், தின்னும். மறுபடி குழாயை வைத்து உறிஞ்சத் தொடங்கினேன்.

"இதுக்கா இம்மாந் தொலவு வந்தே? எங்க வூட்லயும் ஒண்ணு கீதே" என்று நிழல் பக்கம் கையைக் காட்டினாள்.

"இன்னா அண்ணி, நான் இன்னா உன் முதுவுலயா ஏறி குந்திக்கினு கீறேன்?"

"அது ஒண்ணுதான்டா பாக்கி."

நான் அதிகம் சிரிக்கிறவள் அல்ல. வேலை நேரத்தில் சிரித்ததே இல்லை. அன்று சிரித்தேன். சிரிப்பவர்கள் முதலில் மூச்சைப் பலமாக உள்ளே இழுக்கிறார்கள் என்பதும், துணியைக் கட்டிய நூல் தளர்ந்திருந்தது என்பதும் ஒரே கணத்தில் தெரிந்தன. குப்பியைப் பார்த்தேன். காலி. ராணியின் முதுகைப் பார்த்தேன். அதுவும் காலி.

"இன்னாம்மா ஆச்சு?"

"விழுங்கிவிட்டேன்."

மாணிக்கம் அப்போதுதான் முதல்முறையாக எழுந்து உட்கார்ந்தான். "அது கெட்டிக்காரப் பூச்சிதான். வாடக இல்லாத பெரிய வூடா பாத்துப் பூந்துகிச்சி."

கூட்டை இழை இழையாகப் பிரித்து, பொழுது சாயும்வரை தேடினேன். இன்னொன்று இல்லை. அதன் ருசியைப் பற்றியாவது ஏதேனும் சொல்லலாம் என்றால், அவ்வளவு சிறியதற்கு ருசி தெரியவில்லை.

மறுநாள் மதியம் செடிகள் காயும் அறைக்குப் போய்ச் சரோஜாவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அங்கே ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. எனக்காக இவ்வளவு தூரம் கற்பனை பண்ண வேண்டாம். நீ விழுங்கினேன்னு சொன்னா யார் நம்புவா? நானே நம்பலை."

நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இப்போது மதியத்தில் நாங்கள் இருவரும் அந்த அறையில்தான் சாப்பிடுகிறோம். ஆசிரியைகள் அறையிலும் நடந்ததைச் சொன்னேன்; அங்கே அந்த எறும்பு இரண்டு பேருடையதாகிவிட்டது.

நீங்களும் போவதாக இருந்தால்: குடிதண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கிணறு உப்பு. துணியை நூலால் இரண்டு முறை இறுகக் கட்டுங்கள். கன்னியம்மா பேசும்போது குழாயை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். எறும்பு கிடைத்தால் ஸ்பிரிட்டில் போட்டுக் கல்லூரிக்குக் கொண்டுவாருங்கள். என்னிடம் காட்ட வேண்டியதில்லை, நான் பார்த்துவிட்டேன். சரோஜாவிடம் காட்டுங்கள்.