இடுப்புக்குக் கீழே ஒரு பொக்கெட்

தொழுகையில் சுஜூதுக்குக் குனியும்போது சேர்ட்டின் நெஞ்சுப் பொக்கெட்டில் இருப்பதெல்லாம் கொட்டும். பேனை, சில்லறை, மூக்குக்கண்ணாடி, இந்தக் காலத்தில் போன். எங்கள் ஊர் மடவளையில் இதைப் பற்றிக் குறைப்படாத ஆம்பிளை இல்லை. நெற்றி தரையில் படும் நேரத்தில் பக்கத்து ஆளின் போன் டக்கென்று விழுந்தால் மனம் எங்கே தொழுகையில் நிற்கும்? கண்டி டவுனில் உள்ள எங்கள் துணிக்கடையில் இந்தப் புலம்பலை வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் நானில்லை.

வாப்பா மௌத்தான பிறகு கடை எனக்கும் மூத்த சகோதரரான நானாவுக்கும் வந்தது. கொள்முதல் அவர் பொறுப்பு, காசு மேசை என் பொறுப்பு. அவர் கொழும்பு மொத்தக் கடைகளில் வாங்கி வருவார். பக்கத்துக் கடைக்காரரும் அதையே வாங்கி வருவார். பிறகு இரண்டு பேரும் ஒரே சேர்ட்டைத் தொங்கவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாமே வெளிநாட்டிலிருந்து இறக்குவோம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. கடைசியில் ஒரு நோன்புப் பெருநாளுக்காக மனிசன் இறங்கி வந்தார்.

"ஒரு தடவ செஞ்சு பாரு. பெருநாளைக்கு முந்திச் சாமான் கடைக்கு வரணும். வரல்லண்டா இனி கொள்முதல் பேச்சே எடுக்கப்படாது. ஆழம் தெரியாமக் கால உடுற ஆள் நீ."

நான் சம்மதித்தேன். முழுக்கை, கொலர், சாரத்துக்கு மேலே விட்டுப் போடுகிற மாதிரி கொஞ்சம் நீளமான சேர்ட். அதில் விலாத் தையலோடு சேர்த்து, இடுப்புக்குக் கீழே ஒரு பொக்கெட் வைக்கும்படி வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குச் சொன்னேன். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் உள்ளே போட்டது உள்ளேயே கிடக்கும். இது முழுக்க என் யோசனை. மாதிரி சேர்ட் வந்த அன்று அதைப் பார்த்துப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

நோன்பு பாதி போனபோது ஏஜன்ட் போன் எடுத்தார். பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழும்புத் துறைமுகத்தில் எங்களைப் போன்றவர்களுக்குச் சுங்கத்திலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறவர்.

"அக்கா, ஒரு சிக்கலுங்க. பெட்டியத் தொறந்து பாத்தாங்க. இது சேர்ட் இல்லன்றாங்க."

"சேர்ட் இல்லாட்டி பின்ன என்ன, குடையா?"

"நேர்ல வந்துருங்கக்கா. போன்ல சொன்னா வெளங்காது."

அடுத்த நாள் விடிய ரயில் ஏறினேன். கடுகண்ணாவை இறக்கத்தில் ரயில் ஊர்ந்தபோது இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது. அவ்வளவு ஆத்திரம்.

சுங்க அதிகாரி பொறுமையான மனிதர். என் சேர்ட் ஒன்றை மேசையில் விரித்து, விலாப் பக்கம் கையை விட்டுக் காட்டினார். ஆண்களின் சேர்ட்டுக்கு வரிப் புத்தகத்தில் ஒரு தனித் தலைப்பு. இடுப்புக்குக் கீழே பொக்கெட் இருந்தால் அந்த உடுப்பு அந்தத் தலைப்புக்குள் வராது. வேறு தலைப்புக்குப் போகவேண்டும், எங்கள் சாமானுக்கு அங்கே வரி கூட. நான் அனுப்பிய விவரத்தில் பொக்கெட் பற்றி ஒரு சொல் இல்லை. ஏஜன்டும் சேர்ட் என்றே பதிந்துவிட்டார். ஒளிக்கவில்லை, பொக்கெட் இருக்கும் இடத்துக்கு வரி மாறும் என்று யாருக்குத் தெரியும்?

"கொலர் இருக்கு, பொத்தான் இருக்கு, கை இருக்கு. இதப் போட்டுக்கொண்டு ரோட்டில் போகிறவரைப் பார்த்து சேர்ட் போடாமல் போகிறார் என்று யாராவது சொல்வாங்களா, சேர்?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "ரோட்டில் சேர்ட்தான் மிஸ். புத்தகத்தில் இல்லை."

சுஜூது விஷயத்தையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். பௌத்தப் பன்சலையில் விழுந்து கும்பிடும்போது தன் கண்ணாடியும் விழுவதுண்டு என்றார். நல்ல யோசனை என்றும் சொன்னார். ஆனால் விதி விதிதான். புத்தகத்தைக் காட்டச் சொல்லி, ஏஜன்டை வைத்து வரிக்கு வரி வாசித்தேன். அப்படியே இருந்தது. சண்டை பிடிக்க ஆளே இல்லாமல் போனதுதான் பெரிய எரிச்சல்.

வெளியே வந்ததும் ஏஜன்ட் சொன்னார்: "மேலதிகாரிக்கு எழுதிப் போடலாங்க, ஆனா பெருநாளைக்கு வராது. பொக்கெட்ட தச்சு மூடுறதுக்குக் கேட்டாலும் இழுத்துக்கிட்டே போகும். திருத்தி எழுதிக் கட்டுனா சீக்கிரம் எடுத்துறலாம். லாபம்தான் போயிரும்."

நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"உட்டுட்டு வா. நான் மொத்தக் கடைக்கே போறன்" என்றார்.

"நீங்க எங்கயும் போகத் தேவல்ல. சாமான் வரும்."

முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு? பொக்கெட்டை மூடினால் பிறகு இந்தச் சேர்ட்டில் என்ன இருக்கிறது, மொத்தக் கடைச் சேர்ட்தானே. அதிகாரியிடம் திரும்பிப்போய், எதுவோ அதையே எழுதுங்கள் என்றேன். ஒளிக்கும் நோக்கம் இல்லை என்று அவரும் குறித்துக்கொண்டார். கூடின வரியைக் கட்டினோம்.

பெருநாளைக்கு முந்திய வாரம் பெட்டிகள் கடைக்கு வந்தன. விலையைக் கேட்டு நானா தலையில் கை வைத்தார். "இந்த வெலக்கி எந்த மனிசன் எடுப்பான்?" நான் காசு மேசையை அவரிடம் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். வருகிற ஒவ்வொருவரிடமும், "கைய உள்ளுக்குப் போட்டுப் பாருங்க" என்றேன்.

"இதுக்குள்ள பேரப்புள்ளயயே வெக்கலாம் போல ஈக்கி" என்றார் ஊர்க்காரர் ஒருவர். "அது சரி, வெல ஏன் இவ்வளவு?"

"இந்தப் பொக்கெட்டுக்கு வரி கட்டி ஈக்கிறன் மாமா. இது சேர்ட்டே இல்லியாம்."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்தார். போய்ச் சொல்லியும் விட்டார் போல, மாலையில் அவர் பக்கத்து ஆட்கள் 'சேர்ட் இல்லாத சேர்ட்' என்று கேட்டு வந்தார்கள். எல்லாம் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். மண்ணிறத்தை ஒருவரும் தொடவில்லை. லாபமென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, நட்டமும் இல்லை. நானா இதைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அது எனக்கு வலித்தது.

பெருநாள் முடிந்து கடை அமைதியாக இருந்த ஒரு பகலில், கொழும்பு மொத்தக் கடையின் விற்பனையாளர் வந்தார். வழக்கம்போல நானாவுக்கு முன்னால் மாதிரிப் பையை வைத்து சிப்பை இழுத்தார். நானா தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எனக்கிட்டக் காட்டி வேலல்ல. கொள்முதல் எல்லாம் இப்ப தங்கச்சிதான். அவகிட்டக் கேளுங்க."

சந்தோஷத்தைக் காட்டினால் மனிசன் சொன்னதைத் திருப்பி எடுத்துவிடுவாரோ என்று பயம். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்கு ஒரு கதிரையைக் காட்டி, "என்ன வெல?" என்று கேட்டேன்.