கறுப்புக் கட்டத்துக்கு அடியில்

தருமன் ஆப்செட் அச்சகத்தில் தொழில் பழகியவன். அங்கே நெகட்டிவ் பிலிமில் ஒரு வரி வேண்டாமென்றால் அதன்மேல் கறுப்புக் காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். வெளிச்சம் புகாது, வரி அச்சுப் பிளேட்டில் விழாது. பிறகு கணினிக்கு மாறி, நிரல் எழுதத் தானாகவே கற்றுக்கொண்டான். பிடிஎஃப் கோப்புகளை உருவாக்கவும் படிக்கவும் ஆயத்தமாகக் கிடைக்கும் கட்டளைத் தொகுப்புகள் அவனுக்கு அத்துப்படி.

செங்கம் ரோட்டில் பெண்களுக்கான உதவி மையம் ஒன்று, வருகிற புகார்களைக் கோப்பாக்க அவனிடம் நிரல் கேட்டது. புகார் கொடுத்தவளின் பெயர்மேலும் போன் நம்பர்மேலும் அந்த நிரல் கறுப்புக் கட்டம் போட்டது. தருமன் ஒவ்வொன்றையும் அச்சிட்டு, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் அனுப்புவான். ஓர் எழுத்தும் தெரிந்ததில்லை.

அபிநயா ஒரு விடுதியில் அறை கூட்டுபவள். முதலாளி சக்கரபாணி கையைப் பிடித்து இழுத்ததாக அவள் கொடுத்த புகாரும் அப்படித்தான் போனது. பதில் கேட்டு சக்கரபாணிக்கும் ஒரு நகல் போனது. தாளாக அல்ல, கோப்பாக. அங்கே வேலை செய்யும் பெண்கள் பலர். யாரென்று தெரியாது என்றுதான் மையத்தில் நினைத்தார்கள்.

அந்த வாரமே அபிநயா, மையத்தில் விசாரித்துக்கொண்டு, அவன் கணினிக் கடை வாசலில் வந்து நின்றாள்.

"யாருண்ணா எம்பேரச் சொன்னது? வேலைய வுட்டு நிறுத்திட்டாரு. வூட்டு வாசல்ல ஆளுங்க வந்து கண்டபடி பேசிட்டுப் போறாங்க. எங்க வூட்டுக்காரரு மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல."

"யாரும் சொல்லலம்மா. நானே பாத்துதான் அனுப்பினேன். நல்லா கறுப்பா இருந்துச்சு."

"கறுப்பு! அவரு புள்ள அந்தக் கறுப்ப அப்படியே காப்பி பண்ணி வாட்சப்ல ஒட்டினானாம். எம்பேரு, நம்பரு, எல்லாம் வந்து வுழுந்துச்சாம். குரூப்ல போட்டு சிரிக்கிறாங்க. நல்லா மறைச்சீங்கண்ணா!"

தருமன் கணினி முன் உட்கார்ந்தான். கோப்பிலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் கட்டளையை, இதுவரை வாடிக்கையாளர்களின் கோப்புகளில் மட்டும் ஓட்டியதை, தன் கோப்பின்மேல் ஏவினான். அபிநயாவின் பெயர் திரையில் வந்தது. கட்டம் மேலே வரைந்த வெறும் படம். எழுத்து அடியில் அப்படியே இருந்தது.

மையத்துக்குச் செய்த மற்றக் கோப்புகளையும் ஓட்டினான். கஸ்தூரி, சரசு, வஜீதா, அருணாதேவி. பெயர்கள் நிற்கவே இல்லை. பக்கத்தில் நம்பர்கள்.

அபிநயா அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இதெல்லாம் போயிடுச்சாண்ணா?"

"போயிடுச்சும்மா. யார்மேல புகாரோ, அந்தந்த ஆளுங்க கைல இருக்கு."

"அப்ப இவங்களுக்குச் சொல்லுங்க. எனக்குத்தான் யாரும் சொல்லல."

தருமன் போனை எடுத்து கஸ்தூரியின் நம்பரை அழுத்தினான். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஓர் ஆண்குரல் எடுத்தது.

"யாருடா நீ? அவளுக்கு எதுக்குப் போன் பண்ற?"