ஏழாம் பெட்டியின் துணி

தண்ணீர்த் தொட்டி வளாகத்தில் மோட்டார் ஓட்டும் அவளுக்குப் பெட்டி அக்கா என்று பெயர் வைத்தது வாட்ச்மேன். பறவை ஆராய்ச்சிக்காரர்கள் அங்கே மரங்களில் பன்னிரண்டு கூட்டுப் பெட்டிகளை மாட்டிவிட்டு, வாரம் ஒருமுறை பார்த்து எழுத ஆள் கேட்டார்கள். மற்றவர்கள் நமக்கெதுக்கு வம்பு என்று நழுவ, இவள்தான் கையைத் தூக்கினாள். ஆறு வருஷமாகிறது. எத்தனை முட்டை, என்றைக்குப் பொரித்தது, எத்தனை குஞ்சு பறந்தது என்று அவள் எழுதியதில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தும் அதே ஆறு வருஷம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது கை மட்டும் ஜோராக வேலை செய்கிறது, அவள் கண்ணில் படாவிட்டால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவதற்கு. ஷிப்டு நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து உட்காருவார். தம்பி ஒருவன் இருக்கிறான், ஃபோனில். "உன்ன மாதிரி பாத்துக்க யாரால முடியும்க்கா?" என்பான். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை ஆராய்ச்சி மேடம் ஒரு வேலையோடு வந்தார். மலையில் மூன்று மாதம், முந்நூறு பெட்டி, தங்க இடம். ஆபீசில் நானே பேசி விடுப்பு வாங்கித் தருகிறேன், புதன்கிழமைக்குள் பதில் சொல் என்றார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதம் வந்து இருடா என்று தம்பியிடம் கேட்டாள். பார்க்கிறேன் என்றான். அவன் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை ஏழாம் பெட்டிக்குப் போனாள். தாய் அடைகாக்கும்போது திறப்பதானால் முதலில் வாசல் துளையில் துணியை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மிரண்டு வெளியே பாய்ந்துவிடும். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து அடைத்தாள். மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். பாசி மெத்தையில் பட்டாணிக்குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மாவின் ஃபோன். அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். மூடியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. மறுநாள் காலை அப்பா சிந்திய டீயைத் துடைக்க இடுப்புக்குக் கை போனது. துணி இல்லை. ஏழாம் பெட்டியின் துளையிலேயே அடைத்தபடி விட்டுவிட்டு வந்திருந்தாள். வாட்ச்மேன் ஃபோனை எடுக்கவில்லை. அவள் இல்லாத நேரத்தில் மோட்டார் ரூமைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தச் சத்தத்தில் ஃபோன் எங்கே கேட்கப் போகிறது? தையல்காரம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"வெளிய பூட்டிட்டுப் போயிடாதம்மா," என்றார் அப்பா. பூட்டினால் அவருக்கு மூச்சு முட்டும். ஆறு வருஷத்தில் ஒருநாளும் பூட்டியதில்லை. அன்றைக்குப் பூட்டினாள். டம்ளர் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

ஏழாம் பெட்டியில் ஆண்குருவி ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டுத் துணியை உருவினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு தாய்க்குருவி விருட்டென்று பாய்ந்து, சுவரைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்தது.

"போ," என்றாள். "திரும்பி வராத."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. உள்ளே ஐந்து முட்டைகள். ஒரு முட்டை கெட்டாலே அன்றைக்கெல்லாம் முகம் தொங்கிப்போகிறவள், ஐந்தும் கெட்டால் கெடட்டும் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினெட்டாவது நிமிஷம் குருவி வந்தது. துளையில் உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அதன்மேல் வந்த கோபம் அவளுக்குத் தம்பிமேல்கூட வந்ததில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள்.

பூட்டைத் திறந்தபோது அப்பா டம்ளரை நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். "வரமாட்டேன்னு நெனச்சேன்," என்றார்.

அவள் மேடத்துக்கு ஃபோன் போட்டாள். "ஏழாம் பெட்டி நல்லா இருக்கு மேடம். துணிய எடுக்க மறந்துட்டேன், என் தப்புன்னு எழுதிட்டேன். மலைக்கு வேற ஆளப் பாருங்க."

காலையில் சிந்திய டீ தரையில் காய்ந்துபோயிருந்தது. இடுப்பிலிருந்து துணியை எடுத்து, நனைத்து, அழுத்தித் துடைத்தாள்.